வேலை ஏதும் இருக்கா, மிஸ்ஸிஸ்?

பக்கத்து வீட்டு ஜேர்மன்காரரைக் கையில் ஒன்றும் இல்லாமல் நான் கண்டது குறைவு. ஒரு ஸ்பனர் இருக்கும், இல்லாவிட்டால் பெயின்ற் பிரஷ், இல்லாவிட்டால் தோளில் அந்தப் பழைய ஏணி. ஒன்றுமே அகப்படாத நாளில் ஒரு பழந்துணியாவது இருக்கும். அதை வைத்துக்கொண்டு, காலையில் துடைத்த கடிதப் பெட்டியைப் பின்னேரமும் துடைப்பார்.

நோபல் பார்க் என்ற இடத்தில் மகளும் மருமகனும் வீடு வாங்கி நாங்கள் குடிவந்தபோது அவருக்கு எண்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். மனைவி முதலே இறந்துவிட்டா. உயரமான மனுசன். இளம் வயதில் கப்பலில் வந்து, டாண்டினோங் பக்கத்தில் கார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, பென்சன் எடுக்கும்வரை அங்கேயே நின்றவர். வந்த கிழமை வேலிக்கு மேலால் கையை நீட்டித் தன்னுடைய பெயரைச் சொன்னார். அது என் வாயில் நிற்கவில்லை. அதனால் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருமகன் அங்கிள் என்பார். அவர் என்னை மிஸ்ஸிஸ் என்பார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலிஷ், இந்த நாட்டுக்கு வந்த பிறகு ரீவியில் கேட்டுப் பொறுக்கியது. இங்கே பிறந்த வெள்ளைக்காரர் கதைத்தால் ஓடுகிற தண்ணீர் மாதிரி, கையில் ஒன்றும் மிஞ்சாது. இவருடையது விளங்கும். அவருக்கும் அது வந்த இடத்துப் பாஷைதானே. கல்லடுக்குகிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, நான் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததை எடுப்பார். அவர் சொன்னவற்றை நான் இங்கே எங்களுடைய பேச்சிலேயே எழுதுகிறேன்.

பகலில் நான் தனி. மகள் விடிய இருட்டோடு நேர்சிங் ஹோமுக்குப் போய்விடுவாள். மருமகன் ஒரு பெரிய ஸ்டோரில் வேலை, சனிக்கிழமையும் ஓவர்டைம். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவி, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, ஒரு கறி வைத்துவிட்டால் என்னுடைய வேலை முடிந்தது. பிறகு குசினி யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவர். நான் ஒருவரிடமும் போய்க் கதைக்கிற ஆள் இல்லை. கோயிலிலும் தூணோடு தூணாக நின்றுவிட்டு வருகிறவள். ஆனால் அவர் அங்கே தட்டுகிறதும் அராவுகிறதும் கேட்டால் வீட்டுக்குள் இன்னொரு ஆள் நடமாடுகிற மாதிரி இருக்கும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாம் ஒரேயடியாக நிற்கும். ஆணி பாதி இறங்கியிருந்தாலும் சுத்தியலை வைத்துவிடுவார். இது தெரியாமல் ஒருநாள் நான் மாட்டுப்பட்டேன். குசினிப் பைப் பிய்த்துக்கொண்டு சீறத் தொடங்கியது. வீட்டில் ஒருவரும் இல்லை. வெட்கத்தை விட்டு வேலியடிக்கு ஓடினேன். அவர் பின்படியில் ஒரு பியர் கிளாசோடு இருந்தார். என்னுடைய நனைந்த சீலையைப் பார்த்தார், எழும்பி வந்தார், முன்வளவில் இருந்த தண்ணீர்க் குழாயை மூடினார். "நாளைக்கு விடிய ஏழு மணி" என்றார். போய்விட்டார்.

அன்றைக்குச் சமைக்கவும் தண்ணீர் இல்லை, குளிக்கவும் இல்லை. மருமகன் கத்தினார். "உது என்ன மனிசன்? ஒரு வாஷர் மாத்த அஞ்சு நிமிசம் செல்லுமே?"

விடிய ஏழு மணிக்குக் கதவில் தட்டு. வாஷரை மாற்றினார், பைப்பையே கழற்றிப் பூட்டினார், தரையைத் துடைத்தார். போகும்போது சொன்னார்: "வேலை முடிஞ்ச பின்னேரத்துக்கு எங்கடை பாஷையிலை ஒரு தனிச் சொல் இருக்கு, மிஸ்ஸிஸ். அந்த நேரம் ஆருக்கும் குடுக்கிற நேரம் இல்லை."

"அப்ப அந்த நேரத்திலை என்ன செய்வியள்?" என்று நான் பாதி சொல்லாலும் பாதி கையாலும் கேட்டேன்.

"நாளைக்கு என்ன வேலை எண்டு யோசிப்பன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூத்து. மருமகனுக்கு ஓய்வு அந்த ஒருநாள்தான். அதனால் காலையிலேயே புல்லு வெட்டுகிற மெஷினை இழுத்து எடுத்தார். ஐந்து நிமிடம் ஓடியிருக்காது, வேலியடியில் ஜேர்மன்காரர். நன்றாக ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சேட், பின்னால் கட்டிய கை. பார்த்துக்கொண்டு நின்றார். மருமகன் மெஷினை நிற்பாட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை" என்றார் அவர்.

"எனக்கு வேறை நாள் இல்லை, அங்கிள்."

"எனக்கு இருக்கு. திங்கள் நான் வெட்டுறன்."

சொன்னபடி திங்கள் வெட்டினார். பிறகு ஒவ்வொரு திங்களும் வெட்டினார். மருமகனுக்கு மெத்தச் சந்தோஷம். "மாமி, ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஒருக்கா இரைய விட்டாப் போதும், திங்கள் புல்லு தன்பாட்டிலை வெட்டுப்படும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கேயும் போனதில்லை. அந்தச் சேட்டோடு முன் அறையில் நிமிர்ந்து இருப்பார். திரைச்சீலைக்கு ஊடாகத் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருப்பார். ஓய்வையும் அவர் ஒரு வேலையாகத்தான் செய்தார்.

அவருக்குச் சாப்பாடு கொடுப்பதும் லேசில்லை. ஒருநாள் உழுந்து வடை சுட்டபோது நாலு வடையை வேலிக்கு மேலால் நீட்டினேன். வாங்கினார், தாங்க்யூ சொன்னார். அடுத்தநாள் தட்டுக் கழுவித் துடைத்து வந்தது. கூடவே ஆளும் வந்து, முனகிக்கொண்டிருந்த எங்களுடைய கேற்றைக் கழற்றி எண்ணெய் விட்டுப் பூட்டிவிட்டுப் போனார். இன்னொரு நாள் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தேன். அதற்குக் கூரையில் ஏறி, மழைத்தண்ணீர் ஓடுகிற பீலி முழுக்கச் சருகு அள்ளினார். எண்பது வயது மனுசன் ஏணியில் நிற்க, நான் கீழே நின்று முருகா முருகா என்று கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் பயம். பாயசத்துக்குப் பீலி என்றால், சோறு கறி கொடுத்தால் வீட்டையே இடித்துக் கட்டிவிடுவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. ஜேர்மனியில் உலகச் சண்டை முடிந்தபோது அவர் சின்னப் பிள்ளை. ஊர் முழுக்க இடிந்து கிடந்ததாம். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஆளுக்கொரு சுத்தியல் கொடுத்தார்களாம், இடிந்த செங்கல்லில் ஒட்டியிருக்கிற சுண்ணாம்பைத் தட்டியெடுக்க. திரும்பக் கட்டுவதற்கு அந்தக் கல்தான். "தட்டின பிள்ளைக்குச் சூப். தட்டாத பிள்ளைக்கும் சூப் கிடைச்சது. ஆனா அம்மா அந்தப் பிள்ளையளைப் பாக்கிற பார்வை இருக்கே, மிஸ்ஸிஸ்..." என்று நிற்பாட்டினார். எனக்கும் இடிந்த ஊர் தெரியும். அதை எப்படி இங்கிலிஷில் சொல்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

லீவு என்பது அவருக்கு நோய் வந்தவன் எடுக்கிற சாமான். கிறிஸ்மஸுக்குத் தொழிற்சாலை பூட்டுகிறபோது மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்களாம். மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் பண்ண ஆர் நிற்கிறது என்று கேட்டால் இவர்தான் கையைத் தூக்குவாராம். மனைவியை வேலைக்கு விடவில்லை. "பொம்பிளை வேலைக்குப் போனால் வீட்டிலை ஆம்பிளை இல்லை எண்டு சனம் சொல்லும், அந்தக் காலம் அப்பிடி." மனைவிதான் மகனை ரெயினில் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவாவாம்.

ஒரேயொரு மகன். இங்கே பிறந்து, இங்கே படித்தவர். அவரை ஜேர்மனிக்கு அனுப்பியது இவர்தான். இங்கத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கெட்டுப்போவான், எங்கள் நாட்டில் போய் ஒழுங்காக வேலை பழகட்டும் என்று அனுப்பினார். மகன் போனார், நல்ல கொம்பனி ஒன்றில் சேர்ந்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த மகன் ஒரு கோடை காலம் வந்து இறங்கினார். நெஞ்சில் ஒரு துணிப்பையைக் கட்டி, அதற்குள் ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் குழந்தையின் தாய், கட்டை மயிர் வெட்டிய உயரமான பிள்ளை, இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தாள். ஜேர்மன்காரர் கேற்றடியில் நின்று பார்த்த பார்வையை நான் யன்னலால் கண்டேன். அந்தத் துணிப்பை யாருடைய நெஞ்சில் இருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் வேலியடிக்கு வந்தார்.

"கலியாணம் இல்லை, மிஸ்ஸிஸ். பிள்ளை வந்திட்டுது, கலியாணம் இன்னும் வரேல்லை. அவள் பெரிய இஞ்சினியர். இவன் பிள்ளை பாக்க லீவு எடுத்திருக்கிறான். மாசக்கணக்கிலை. அந்த லீவிலை ஊர் சுத்தப் போகினமாம்." பழந்துணியை முறுக்கினார். "வேலை பழகட்டும் எண்டு அனுப்பினன். லீவு பழகிக்கொண்டு வந்திருக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மகள் அந்த மகனோடு வேலியடியில் நெடுநேரம் கதைத்தாள். இரவுச் சாப்பாட்டில் அதுதான் கதை.

"அங்கை தகப்பனுக்கும் பிள்ளை பிறந்தா லீவு குடுக்கினம். இவர் முதலே கிழமையிலை நாலு நாள்தானாம் வேலை. சம்பளம் கூட வேணுமோ நேரம் கூட வேணுமோ எண்டு கேட்டா, இப்ப கனபேர் நேரத்தைத்தான் கேக்கினமாம்."

மருமகன் சோற்றிலிருந்து நிமிர்ந்தார். "பிள்ளையைக் காவிக்கொண்டு திரிய ஒரு லீவு! அந்தத் தகப்பனைப் பாரும். அதெல்லோ ஜேர்மன்காரன்."

"இப்ப ஜேர்மன்காரன் மகன்தான். தகப்பன் வெளிக்கிட்ட ஜேர்மனி இப்ப அங்கை இல்லை."

"பின்னை எங்கை இருக்கு?"

"பக்கத்து வீட்டிலை ஒண்டு இருக்கு. இஞ்சை மேசையிலை ஒண்டு இருந்து சாப்பிடுது" என்றாள் மகள்.

மருமகன் என்னைப் பார்த்தார். நான் ரசத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

பிறகு மகள் மற்றதைச் சொன்னாள். அவர்கள் பழைய வான் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். உள்ளே படுக்கையும் ஒரு அடுப்பும் இருக்கிறது. கரையோரமாக வடக்கே போவதாகத் திட்டம். தகப்பனுக்கும் ஒரு சீற் வைத்திருக்கிறார்கள், குழந்தைக்குப் பக்கத்தில். "அதுக்காகத்தான் இஞ்சை வந்ததாம், அம்மா. ஊர் பாக்கவெண்டா வேறை ஊர் இல்லையே எண்டு கேட்டார். தன்ரை சின்ன வயசுப் படமெல்லாம் தாயும் தானும் மட்டுமாம். கடற்கரையிலை போற வாற ஆக்களைக் கேட்டு எடுத்த படங்களாம். தன்ரை மகளின்ரை படத்திலை அப்பா நிக்கவேணும் எண்டார். இந்த லீவு முடிஞ்சா இனி எப்ப வரலாம் எண்டு தெரியாதாம். அவருக்கும் வயசு போகுதெல்லோ."

"மனிசன் என்ன சொன்னவர்?" என்றேன்.

"வானைப் பாக்கவேணும் எண்டவராம்."

பார்த்தார். அடுத்த நாளிலிருந்து அவர் வானுக்குக் கீழேதான். ட்ரைவ்வேயில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். சில்லுகளைக் கழற்றினார். பிரேக்கைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய படுக்கை விரிப்பில் வரிசையாக வைத்துக் கழுவினார். மகன் பக்கத்தில் குந்தியிருந்து ஏதோ ஜேர்மன் பாஷையில் சொல்லுவார். எனக்குப் பாஷை தெரியாது, ஆனால் "விடுங்கோ அப்பா, வந்து இருங்கோ" என்பது எந்தப் பாஷையிலும் ஒரே இழுவைதான். கீழேயிருந்து ஒரு சொல் வரும். மகன் எழும்பிப் போவார்.

அந்தப் பெண்பிள்ளை ஒருநாளைக்குப் பலமுறை குழந்தையைக் கொண்டு வருவாள். அவர் வெளியே வந்து எழும்பி நிற்பார். அவள் குழந்தையை நீட்டுவாள். அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். கறுத்த எண்ணெய்.

"கை ஊத்தை" என்பார்.

அவள் பொறுமைசாலி. பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்து வந்தாள். அப்போதும் கையைக் காட்டினார். சவுக்காரம் போட்டுக் கழுவிய பிறகும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது உண்மைதான். குழந்தை அவரைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தது. அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, தொடாமல், நெடுநேரம் அந்தப் பல்லைப் பார்த்தார். ஒரு மெஷினுக்குள் பார்க்கிற மாதிரிக் கவனமாகப் பார்த்தார்.

ஒரு பகல் அவள் வேலியடிக்கு வந்து, நான் யன்னலில் இருப்பதைக் கண்டு கையைக் காட்டினாள். போனேன். குழந்தையை வேலிக்கு மேலால் என்னிடம் தந்தாள். நல்ல பாரம், நல்ல சூடு. அது என்னுடைய காப்பைப் பிடித்துக் கடித்தது. பிறந்த பிறகு ஒரு பிள்ளையை அதன் அப்பப்பா தூக்குவதற்கு முதல் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு நிற்கிறேனே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் வானுக்குக் கீழே இருந்த கால் அசையாமல் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதைத்தான் அவர் பாசமா செய்யிறார், என்ன?" என்றாள் அவள் மெல்லமாக, வானைக் காட்டி.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கிற்று.

வான் திருந்திவிட்டது. வெளிக்கிடுகிற நாள் விடிய, அவர் அதைத் தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். யன்னலை இறக்கிவிட்டு, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். "ஒரு சத்தம் இல்லை" என்று மகனுக்குச் சொன்னார். அதை இங்கிலிஷில் சொன்னார், எனக்கும் கேட்டது. நான் கடிதப் பெட்டியடியில் கடதாசி எடுக்கிறவள் மாதிரி நின்றேன்.

மகன் வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். குழந்தைக்குப் பக்கத்தில் அந்த சீற் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு தலையணையும் வைத்திருந்தார்கள். அவர் சில்லை ஒருமுறை காலால் தட்டினார். "வியாழக்கிழமை குப்பை பின் வெளியிலை வைக்கவேணும். திங்கள் புல்லு" என்றார். தெருவில் எல்லா வீட்டுக் குப்பை பின்னையும் அவர்தான் வெளியே இழுத்து வைப்பார். ஒருவரும் கேட்டதில்லை.

மகன் கதவை மூடினார். வேகமாக மூடவில்லை. அந்தப் பெண்பிள்ளை குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். வான் போய்விட்டது.

அவர் ட்ரைவ்வேயில் இருந்த எண்ணெய்க் கறையைச் சவுக்காரத் தூள் போட்டுத் தேய்த்தார். படுக்கை விரிப்பை மடித்தார். சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். பிறகு மத்தியானம் முழுக்க ஒரு அசுமாத்தமும் இல்லை. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பின்படியில் பழந்துணியோடு இருந்தார்.

அடுத்தநாள் காலை வேலியடிக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. அவரை அப்படி நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"வேலை ஏதும் இருக்கா, மிஸ்ஸிஸ்?"

நான் திரும்பி வீட்டைப் பார்த்தேன். கேற், பீலி, பைப், படி, சாமியறைக் கதவின் கொளுக்கி. உடையக்கூடியது எல்லாவற்றையும் அவரே திருத்திவிட்டார். அந்த வீட்டில் அவருக்குக் கொடுக்க ஒரு ஆணிகூட மிச்சமில்லை. இல்லை என்று தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரும் போகாமல் நின்றார்.

"நீங்கள் பகல் முழுக்க என்ன செய்வியள், மிஸ்ஸிஸ்?"

"யன்னலுக்கை இருப்பன். பாப்பன்."

"என்னத்தை?"

உங்களைத்தான் என்று சொல்லலாமா? "சும்மா" என்றேன். அதையும் தமிழில்தான் சொன்னேன். அதற்கு இங்கிலிஷ் எனக்குத் தெரியாது.

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கிற்று. இந்த மனுசன் இனி முன் அறைக் கதிரையில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கப் போகிறார். நானும் யன்னலடியில் இருந்து அதைப் பார்க்கப் போகிறேன். இரண்டு பேருமாக இருக்கலாம்தான். எனக்கு அது போதும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அந்த வானுக்குள் அவருடைய சீற்றில் ஒரு தலையணை போகிறதே.

"வான்" என்றேன்.

"வானுக்கு என்ன?"

"போகேக்கை. முடக்கிலை திரும்பேக்கை. சத்தம்."

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார். "சத்தமோ? என்ன சத்தம்?"

அங்கே ஒரு சத்தமும் இல்லை. வான் எண்ணெய் விட்ட மாதிரிப் போனது. நான் ஆட்களுக்கு முன்னால் குரல் உயர்த்திக் கதைக்காதவள். கோயிலில் எல்லோரும் அரோகரா சொல்லும்போதும் உதட்டை மட்டும் அசைக்கிறவள். அந்தக் காலை வேலியடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கிர்ர்... கிர்ர்... டக்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திருப்பிச் செய்யுங்கோ."

திருப்பிச் செய்தேன். இந்த முறை டக்கை இரண்டு தரம் போட்டேன்.

"இடப்பக்கமோ, வலப்பக்கமோ?"

எனக்கு எது இடம் எது வலம் என்று அந்த நேரம் இங்கிலிஷில் வரவில்லை. கையைத் தூக்கினேன். அது இடக்கை.

"நிச்சயமோ?"

"பேபி" என்றேன். "பேபி இன்சைட்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்த வானின் ஒவ்வொரு திருகாணியையும் தன் கையால் கழற்றிப் பூட்டியவர். தலையைச் சரித்துக் கேட்டு ஒரு சத்தம் இல்லை என்று சொன்னவர். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது.

"சில்லுக்குள்ளை இருக்கிற பேரிங்" என்றார் கடைசியாக. "அது பொல்லாதது. ஓடிக்கொண்டிருக்கேக்கை பாக்கவேணும். நான் பக்கத்திலை இருந்து கேக்கவேணும்."

"ஓம்" என்றேன்.

முன் அறையில் ரெலிபோனில் அவர் கத்தியது எனக்கு யன்னலால் கேட்டது. மகனுக்குத்தான். இடையிடையே இங்கிலிஷும் வந்தது. "நிக்கிற இடத்திலை நில். அசையாதை." பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்குக் கேக்காது! நீ லீவிலை நிக்கிறாய்!"

அவர்கள் லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற ஊரில் கடற்கரையோரம் நிற்பதாகச் சொன்னார். டாண்டினோங்கில் ரெயின் எடுத்து, பிறகு பஸ் எடுக்கவேண்டுமாம். அடுத்தநாள் காலை ராக்சி வந்தது. ஒரு கையில் சாமான் பெட்டி, மற்றக் கையில் சின்னச் சூட்கேஸ். சவரம் செய்திருந்தார். சில்லுப் பார்க்கப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார். அன்றைக்கு என்ன கிழமை என்று நினைவில்லை, ஞாயிறு இல்லை.

வேலியடியில் நின்றார். "குப்பை பின் வியாழக்கிழமை, மிஸ்ஸிஸ்."

"நான் வைப்பன்."

கையை நீட்டினார். ஆண்பிள்ளைகளுக்குக் கை கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கொடுத்தேன். அவருடைய கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணையும் ஊசியால் தோண்டியிருந்தார், சிவந்திருந்தது.

அவர் போன பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு இல்லை, அராவல் இல்லை, ஐந்து மணியும் இல்லை. பகல் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரீவியைப் போட்டுவிட்டு இருந்து பார்த்தேன். அது கதைக்கிறது, ஆனால் அடுத்த சொல்லை எடுக்க முதல் என்னைப் பார்க்காது. வியாழக்கிழமை எங்களுடைய பின்னையும் அவருடையதையும் இழுத்து வைத்தேன். மற்ற வீட்டு ஆட்கள் இரண்டு கிழமை தவறவிட்டுப் பிறகு தாங்களே வைக்கப் பழகினார்கள். புல்லு எங்களுடையதும் வளர்ந்தது, அவருடையதும் வளர்ந்தது. மருமகன் ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்து இரண்டு வளவையும் வெட்டினார். வெட்டும்போது ஒவ்வொரு முடக்கிலும் வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஒரு பகல் வீட்டு ரெலிபோன் அடித்தது. பகலில் அடித்தால் நான் எடுப்பதில்லை, இங்கிலிஷில் ஏதாவது விற்க எடுப்பார்கள். அது விடாமல் அடித்தது. எடுத்தேன்.

"மிஸ்ஸிஸ்" என்றது.

பின்னால் காற்று. அலை. அதற்கு மேலால் ஒரு குழந்தை, மிகக் கிட்ட, அவருடைய நெஞ்சிலேயோ மடியிலேயோ இருந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கோ" என்றேன்.

"அந்தச் சத்தம்" என்றார். சொற்களை வழக்கம் போல ஒவ்வொன்றாக வைத்தார். "இன்னும் நிக்கேல்லை."

நான் ரெலிபோனைக் காதோடு அழுத்தினேன். "இடப்பக்கமோ?"

"சில நாள் இடம். சில நாள் வலம். நெடுக்க ஓடிப் பாத்தாத்தான் பிடிபடும். வடக்கை போகப் போறம். பிறகு ஜேர்மனியிலையும் இவன்ரை கார் ஒண்டு இருக்காம், அதையும் பாக்கவேணும் எண்டு நிக்கிறான்." குழந்தை ரெலிபோனைத் தட்டியது. "நீண்ட வேலை, மிஸ்ஸிஸ்."

"அவசரமில்லை" என்றேன். "நல்லாப் பாருங்கோ."

அலை கேட்டது. பிறகு அவர் வைத்துவிட்டார். நான் கையில் ரெலிபோனோடு நின்றேன்.

பின்னேரம் மகளும் மருமகனும் வந்து சாப்பிட இருந்தபோது மகள் கேட்டாள். "ஆரம்மா பகல் எடுத்தது? நான் வேலையிலையிருந்து அடிக்க லைன் பிசியா இருந்தது."

"பக்கத்து வீட்டு மனிசன். வான் இன்னும் திருந்தேல்லையாம்."

மருமகன் தலையை ஆட்டினார். "அந்த மனிசனாலையே ஏலாட்டி அது சரிவராத வான், மாமி. பேசாமல் வித்துப்போட்டு வீட்டை வரச் சொல்லுங்கோ."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். "எனக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும், தம்பி" என்றேன்.